கடல் மாறவில்லை என்று வந்து சொன்னவருக்கு

பெருவின் வடகரையில், எல் பெரீகோ துறையின் கடல் ஆய்வு நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கடல்நீரின் சூடு பார்த்துப் பணிநிறைவு பெறும் தோன்யா சொராய்தா ஏச்சே அவர்களுக்கு, உடன் உழைத்த நாங்கள் அன்போடு வாசித்து அளிக்கும் மடல்.

காற்றுக்குக் கைநாடி பார்த்தவரே, அலையோடு அலுக்காமல் பழகியவரே, குளிர்நீர் வந்த ஆண்டும் வெந்நீர் வந்த ஆண்டும் ஒரே கையெழுத்தில் எழுதியவரே, எங்கள் அன்புக்குரிய அம்மையே,

தினமும் காலை ஏழு மணிக்குத் தாங்கள் படகுத்துறைப் பாலத்தின் கடைசி வரை நடப்பீர்கள். கயிற்றில் வாளியை இறக்கிக் கடல்நீரை மொண்டு, வெப்பமானியை அமிழ்த்தி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து எழுதுவீர்கள். தங்கள் திருமண நாளன்றும் அப்படியே செய்தீர்கள். மணப்பெண் உடையின் ஓரம் நனைந்ததற்குத் தங்கள் மாமியார் கோபித்துக்கொண்டதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

எங்கள் நிக்கானோர் பணியில் சேர்ந்த புதிதில், "தினம் ஒரு எண்ணு. இத வச்சு என்னக்கா கண்டுபிடிக்கப் போறோம்?" என்று கேட்டார்.

"ஒரு நாள் பாத்தா நேத்து அடிச்ச காத்துதான் தெரியும். ஒரு வருஷம் பாத்தா குழந்தை வந்துச்சா வரலையான்னு தெரியும். முப்பது வருஷம் விடாமப் பாத்தாத்தான் கடலு எந்தப் பக்கம் நகருதுன்னு தெரியும். அதுக்குள்ள உனக்கு முடி கொட்டிப் போயிடும்," என்றீர்கள். அது அப்படியே நடந்தது.

குழந்தை, அதாவது எல் நீன்யோ, என்று நம் மீனவர்கள் பெயரிட்டது, குழந்தை இயேசு பிறந்த கிறிஸ்துமஸையொட்டி வரும் வெந்நீரை. மற்ற காலங்களில் தென்காற்று ஓயாமல் வீசி, கரையோரத்து மேல்நீரை மேற்கே தள்ளிக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அந்தக் குளிரில்தான் நெத்திலி பெருகுகிறது. அந்தக் குளிரால்தான் மேகம் மழையாகாமல் நம் ஊர் மணற்காடாகக் கிடக்கிறது. சில ஆண்டுகளில் காற்று தளர்ந்துவிடும். மேற்கே தேங்கிய வெந்நீர் திரும்பி வரும். நெத்திலி போய்விடும், மணற்காட்டில் வெள்ளம் ஓடும், பெருங்கடலின் அந்தக் கரையில் மழை பொய்க்கும். ஒரு காற்று களைத்தால் உலகத்தில் பாதிப் பேர் சாப்பாட்டு நேரம் மாறிவிடுகிறது என்று தாங்கள் சொல்வது வழக்கம்.

அது வந்து போகும் மாற்றம். வந்தால் எளிதில் போகாத மாற்றமும் உண்டு. பூமி தன் சாய்வைப் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மாற்றுவதால் பனிக்காலங்கள் வந்தன. நம் பாட்டன் காலம் முதல் புகைபோக்கிகள் கக்கிய புகை வானத்தில் போர்வையாகத் தங்கியதால் இப்போது சூடு ஏறுகிறது. தங்கள் நோட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், குழந்தை வந்து போன மேடுபள்ளங்களுக்கு அடியில் அந்த ஏற்றமும் தெரிகிறது.

இவ்வளவும் தெரிந்த தாங்கள் ஒருமுறை தவறினீர்கள். அதை இந்த மடலில் எழுதலாமா என்று தயங்கினோம். எழுதாவிட்டால் தங்களைப் பாராட்டியதாகவே ஆகாது என்று எங்கள் தெல்மீரா சொன்னார்.

தங்கள் பன்னிரண்டாம் ஆண்டில் பழைய கித்தான் வாளி கிழிந்தது. தலைநகரிலிருந்து தடித்த பிளாஸ்டிக் வாளி வந்தது. வந்த வாரமே கடல் ஒரு டிகிரிக்கு மேல் சூடாகத் தெரிந்தது, மறுநாளும் இறங்கவில்லை. பத்தாம் நாள் தாங்கள், குழந்தை வருகிறது என்று எச்சரிக்கும் சிவப்புத் துணியைத் துறையில் ஏற்றினீர்கள். மீனவர்கள் நெத்திலி வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வெந்நீரோடு வரும் இறாலுக்கான வலையைத் தைக்க உட்கார்ந்தார்கள். வறண்ட ஓடைக்குள் குடியிருந்த நாற்பத்து மூன்று வீட்டாரும் கட்டிலோடும் ஆட்டோடும் மேட்டுக்கு ஏறினார்கள். ஒரு துளி மழை இல்லை. பக்கத்துத் துறைக்காரர்கள் படகு தாழ நெத்திலி கொண்டுபோனார்கள். மேட்டின் மணற்காற்றில், ஓடை வீட்டாரில் ஒருவரான எலூத்தேரியோ பெரிச்சேயின் மனைவி ரெமீஜியா பிள்ளை பெற்றாள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் தாங்களே. கித்தான் வாளி ஈரம் கசிய, பாலத்தின் காற்று அதைத் தடவித் தடவி, வெப்பமானி பார்ப்பதற்குள் நீரைக் குளிரவைத்துவிடும். பன்னிரண்டு ஆண்டுகளாக அது கடலைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் வாளி உள்ளதைச் சொன்னது. இது அப்போது தலைமை அலுவலகத்துக்குக்கூடத் தெரியாது. கடல் ஏமாற்றிவிட்டது என்று சொல்லியிருந்தால் ஊர் நம்பியிருக்கும். தாங்களோ மீன் இறக்கும் கொட்டகைக்குப் போய், பிறகு மேட்டில் ஒவ்வொரு கூடாரத்தின் முன்னும் நின்று, "கடல் மாறல. வாளிதான் மாறிச்சு. பாத்திருக்க வேண்டியது நான். தப்பு என்னோடது," என்றீர்கள்.

"அப்ப மேட்டுல பொறந்த எம் பொண்ணுக்கு நீங்களே ஞானத்தாய். வேற எவளும் வரமாட்டா," என்றார் எலூத்தேரியோ. ஞானத்தாய்க்கும் பிள்ளையின் தந்தைக்கும் உள்ள உறவுமுறைப்படி, அன்று முதல் அவருக்குத் தாங்கள் கொமாத்ரே, தங்களுக்கு அவர் கொம்பாத்ரே. ஊருக்கு வாளியம்மா. தாங்கள் அந்தப் பெயருக்குக் கோபப்பட்டதில்லை. கித்தான் வாளியைத் தைத்து, இரண்டு வாளிகளிலும் அருகருகே அளந்து, வித்தியாசத்தைக் கண்டு, பன்னிரண்டு ஆண்டு எண்களையும் திருத்தி எழுதினீர்கள்.

அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்துத் தென்காற்று தளர்ந்தது. நெத்திலிக்குப் பதில் வலையில் வெதுநீர் நண்டு ஏறியது. கடல் நான்கு டிகிரி கூடுதலாக இருந்தது. தாங்கள் சிவப்புத் துணியை ஏற்றிவிட்டு நேரே ஓடைக்குள் போனீர்கள். அங்கே திரும்பிக் குடியிருந்தவர்கள் நகராவிட்டால் பிள்ளைகள் உட்பட இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வெள்ளத்தின் வழியில் இருப்பார்கள். தெல்மீரா கூட வந்ததால் அன்று நடந்த பேச்சு எங்களுக்குத் தெரியும்.

"கொமாத்ரே, இந்தத் தடவ எந்த வாளி?" என்றார் எலூத்தேரியோ. எல்லோரும் சிரித்தார்கள்.

"ரெண்டு வாளியும்."

"ரெண்டும் சேந்து பொய் சொன்னா?"

"வாளிங்க கூடிப் பேசிக்காது கொம்பாத்ரே. அந்தப் பழக்கம் உங்க படகுக்காரங்களுக்குத்தான்."

ரெமீஜியா சிரிக்கவில்லை. "போன தடவ மணலத் தின்னோம். எம் பிரசவத்துக்குத் தண்ணி சுடவைக்க வெறகு கூட இல்ல. மறுபடியும் வான்னு கூப்புடுறீங்களே, மனசு வருதா?"

"இந்தத் தடவையும் நான் தப்பா இருக்கலாம் ரெமீஜியா. இருந்தா மறுபடியும் உன் வாசலுக்கு வந்து சொல்லுவேன்," என்றீர்கள்.

எலூத்தேரியோ எழுந்து வீட்டுக்குள் போனார். கட்டிலின் கால்களைக் கழற்றும் சத்தம் கேட்டது. "நம்மகிட்ட தப்பு பண்ணவங்க எத்தன பேரு? அதுல வாசல்ல நின்னு தப்புன்னு சொன்னது யாரு? இவங்க ஒருத்தர்தான். அவங்க வாயால வான்னு சொன்னா போகலாம். வா, அந்தப் பக்கம் புடி," என்று மனைவியை அழைத்தார். அவள் முணுமுணுத்துக்கொண்டே பிடித்தாள். அந்தக் கட்டிலைப் பார்த்து அடுத்த வீட்டார் எழுந்தார்கள்.

ஒன்பதாம் நாள் நண்பகலில் மழை கொட்டியது. மாலைக்குள் ஓடை நிரம்பி, நாற்பத்து மூன்று மண்வீடுகளும் கரைந்து கடலுக்குப் போயின. மேட்டில் எலூத்தேரியோ இருமுறை ஆள் எண்ணினார். இருமுறையும் இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது.

அம்மையே, நாளை முதல் ஏழு மணிக்கு நன்றாகத் தூங்குங்கள். கடலுக்குப் போனால் குளிக்க மட்டும் போங்கள். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீன் செவிச்சேயும் வறுத்த வாழைக்காய்ச் சீவலும் செரிக்கும் வயிறும், படி ஏறும் முழங்காலும், பகடிக்குப் பதில் சொல்லும் நாவும் தங்களுக்கு நெடுங்காலம் நிலைக்கட்டும்.

வெள்ளத்துக்குப் பின் மேட்டிலேயே வீடு கட்டிக்கொண்ட மேட்டுத் தெருவார் எல்லோரும் இதில் கையெழுத்திட வேண்டும் என்று நேற்று நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். மடலை மாட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அத்தனை இடமில்லை என்று சொல்லி, ஒருவரை மட்டும் அனுமதித்தோம்.

இப்படிக்கு,
நிக்கானோர் பந்தா, தெல்மீரா சுங்கா, ஹெர்மிலா பூரிசாகா,
எல் பெரீகோ கடல் ஆய்வு நிலையப் பணியாளர்கள்

மேட்டுத் தெருவிலிருந்து,
எலூத்தேரியோ பெரிச்சே. இன்றைய கணக்குக்கு இருநூற்று அறுபத்தேழு பேருக்காக.