ஹாஃபிஸாவுக்கு நான் பொருத்திக் கொடுத்த மெயில்

மெயில் பார்க்க எந்தப் புரோகிராம் நல்லது என்று என்னிடம் கேட்காதவர்கள் பேராவூரணியில் குறைவு. தென்னந்தோப்பை விட்டு நகராத நடராசன்கூட, சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்காக ஒரு நாள் வந்து கேட்டார். பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் கலந்தர் நான். என் தங்கை ஹாஃபிஸாவுக்கு அவள் கணவர் ஃபாஜில் துபாயிலிருந்து எழுதிய கடிதங்கள் ஏன் வந்து சேரவில்லை என்று நம் பள்ளிவாசல் ஜமாஅத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன்.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் ஃபாஜில் துபாய் போனார். ஹாஃபிஸா என் கடைக்கு வந்துதான் மெயில் பார்த்தாள். சுற்றிலும் ஆண்கள். முந்தைய ஆள் மூடாமல் போன மெயில் பெட்டி அடுத்தவருக்குத் திறந்து கிடப்பதையும் ஒரு முறை பார்த்துவிட்டாள்.

"எம் மெயில நான் மட்டும் படிக்கிற மாதிரி ஒன்னு பாத்துக் குடுங்க, காக்கா" என்று அண்ணன் என்னிடம் கேட்டாள்.

நான்கு புரோகிராம்களைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று, கடிதங்களைக் கடைக் கணினியிலேயே இறக்கிவைத்தது. இன்னொன்று, பாஸ்வேர்டை யாரும் படிக்கிற மாதிரி ஒரு ஃபைலில் எழுதிவைத்தது. மூன்றாவது, பென் டிரைவைக் கொஞ்சம் அவசரமாகப் பிடுங்கினால் பழைய கடிதங்களைத் தொலைத்தது. நான்காவதுதான் பென் டிரைவிலேயே முழுதாக உட்கார்ந்தது. கடையில் தடயம் விடாது. எல்லாக் கடிதங்களுக்கும் ஒரே பூட்டு. இதற்குப் பத்து நாள் மெனக்கெட்டேன். அவள் வீட்டில் பழைய கணினி இருந்தது, நெட் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பென் டிரைவை வாங்கிவந்து, வந்த கடிதங்களை இறக்கி, அவள் எழுதிவைத்ததை அனுப்பி, திருப்பிக் கொடுப்பேன். பாஸ்வேர்டு நான் வைத்ததுதான். மாற்றிக்கொள்ளச் சொன்னேன். உங்களுக்குத் தெரிந்தால் என்ன காக்கா என்று சிரித்தாள்.

மறு வருடம் எங்களைப் பெற்ற உம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு, ஆண் கல்யாணமானதும் மனைவி வீட்டோடு போய்விட வேண்டும். நான் என் மனைவி ஷமீராவின் வீட்டில் இருக்கிறேன். அங்கே என் மாமியார் வைத்ததுதான் சட்டம். குழம்பில் உப்பு இல்லை என்றால்கூட வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுபவன் நான். உம்மா ஹாஃபிஸாவிடம் இருந்தார். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் அவள்தான்.

அந்தச் சமயத்தில் ஃபாஜில் கடைக்குப் போன் செய்தார். "மச்சான், ஃபேமிலி விசா கெடைக்கும் போல இருக்கு. வீட்டுப் போன்ல சொன்னா உம்மா காதுல விழுந்து சங்கடப்படுவாங்க. நான் அவளுக்கு மெயில்ல எழுதிக்கிறேன்" என்றார்.

நல்லது என்றேன். போனை வைத்ததும் எனக்கு வந்த முதல் யோசனை, உம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான். மாமியாரிடம் கேட்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது, காரணம் இவ்வளவுதான்.

அந்தப் புரோகிராமில் ஒரு வசதி உண்டு. நாம் குறிப்பிடும் சொல் வருகிற கடிதத்தைத் தனியே ஒதுக்கிவிடும். விசா என்ற ஒரு சொல்லைக் கொடுத்தேன். அது இருக்கும் கடிதம் பென் டிரைவில் தங்காமல் என் கடைக் கணினியில் ஒரு ஃபோல்டருக்குப் போய்விடும். உடம்பைப் பார்த்துக்கொள், இங்கே வெயில் அதிகம் என்கிற கடிதங்களெல்லாம் முறையாக அவளுக்குப் போயின. ஒதுங்கியவற்றை நான் திறக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

மெயில் பார்த்தாயா என்று ஃபாஜில் போனில் கேட்பார். பார்த்தேன் என்பாள், அவள் பார்த்தது வேறு கடிதம். ஒரு தடவை என்னிடமே கேட்டார். உம்மாவை விட்டு வர அவளுக்கு மனசில்லை, போனில் கேட்டு அழவைக்காதீர்கள் என்றேன். அதன்பின் போன் வருவது குறைந்தது. ஹாஃபிஸா பாதியாக மெலிந்தாள். என்னைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று தானாக எழுத ரோஷம் விடவில்லை. எதிர் வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு சார்ஜாவுக்குப் புறப்பட்ட அன்று, உம்மாவின் துணிகளை அலசிக்கொண்டே கேட்டாள்.

"எங்கிட்ட என்ன கொறைன்னு அவுங்க என்னைக் கூப்பிடாம இருக்காங்க, காக்கா?"

எல்லாவற்றுக்கும் நேரம் வரும் என்று சொல்லிவிட்டு, பென் டிரைவை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

இரண்டரை வருடத்தில் பதினோரு கடிதங்கள் ஒதுங்கின. போன ஏப்ரலில் உம்மா மவுத்தானார். முதுகில் ஒரு புண் வராமல் மகள் பார்த்துக்கொண்டாள் என்று ஜனாஸாவை அடக்கம் செய்ய வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது ஃபாஜில் பிரிவு கேட்டு உங்களுக்கு எழுதியிருக்கிறார். பன்னிரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை என்கிறார். அப்படி ஒன்றுகூட வரவில்லை என்று ஹாஃபிஸா உங்கள் முன் அழுதாள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. படுக்கையில் கிடக்கும் தாயை மகள் விட்டுப் போகக் கூடாது என்றுதான் செய்தேன். எனக்காக இல்லை, உம்மாவுக்காகச் செய்தேன்.

பன்னிரண்டாவது கடிதத்தை மட்டும் திறந்து படித்தேன். "உம்மாவும் போயிட்டாங்க. இனி ஒன்னத் தடுக்க யாருமில்ல. விசாவுக்குக் கடைசியா ஒரு தடவ எழுதிப் போட்டிருக்கேன். இதுக்கும் பதில் வரலன்னா, ஒனக்கு என்கூட வாழ மனசில்லன்னு எடுத்துக்குறேன்." அதைக் கொடுத்தால் முந்திய பதினொன்றையும் கொடுக்க வேண்டியிருக்கும். மூடிவைத்துவிட்டு, இந்த வாரம் கடிதம் இல்லை என்று அவளிடம் சொன்னேன். அன்று உம்மாவை அடக்கம் செய்து இருபதாம் நாள்.