ஒரு அடிக்கு ஒரு துணி

— கண்ண மூடாதீங்க ஸெய்னுலாப்தீன் நானா! வண்டிச் சட்டத்த இறுக்கிப் புடிங்க!

— ஏலாது வீரையாண்ணே! பாலம் ஆடுது! ஆறு என்னெ இழுக்குது!

— ஆடுறது பாலமில்ல, உங்க முழங்காலு. துணிப் பேரச் சொல்லுங்க. ஒரு அடிக்கு ஒரு துணி.

— சீ... சீத்தை.

— ம், அடுத்த காலு.

— மல்மல்.

— சபாஷ்! அப்புறம்?

— சாரம்... பொறத்தால பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான், அண்ணே!

— அடிக்கட்டும். கண்டி எங்கயும் ஓடிப் போயிறாது. மடவளையிலருந்து இம்புட்டு மூட்டையச் சுமந்து வந்த மனுசனுக்கு இந்தக் கட்டுகஸ்தோட்டைப் பாலம் ஒரு பெரிசா?

— தம்பி இந்த ஆத்தோட போன நாள்லேந்து எனக்கிப் பெரிசுதான். போன செவ்வாக்கெழம நீங்க வரல்ல. அஸர் தொழுகை வரைக்கும் அங்கிட்டே நின்டுட்டு வூட்டுக்குத் திரும்பிட்டேன்.

— மன்னிச்சிருங்க நானா. எந்திரிக்க முடியல. மக காச்சல்ல போயி மூணு வருசமாச்சு, இன்னும் அப்பிடித்தான். காலு கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மனசுதான் எந்திரிக்க மாட்டேங்குது. செவத்தப் பாத்துப் படுத்துட்டேன்.

— வாற கெழம?

— என்னைய நம்பாதீங்க. மாட்ட வித்துரலாம்னு இருக்கேன். வேற ஆளப் பாருங்க.

— வேற ஆள் சிரிப்பான். நீங்க துணிப் பேர் கேக்குறீங்க. நீங்க வரல்லேண்டா என்ட யாவாரம் இந்தப் பாலத்தோட முடிஞ்சிச்சி. வூட்ல அஞ்சு புள்ளைகள் அண்ணே.

— நடங்க நானா, பஸ்காரன் கத்துறான்.

— மொதல்ல வாக்குத் தாங்க. நடுப் பாலத்துல நின்டு கேக்குறேன்.

— சரி, வர்றேன். செவ்வாக்கெழம வெள்ளனவே வந்துர்றேன்.

— மாட்டு மேல சத்தியமா?

— மாரியாத்தா மேலயே சத்தியம். நடங்க! பயமில்லாதவன் பாலம் தாண்டுறது என்ன அதிசயம்? இம்புட்டுப் பயத்தோட வாராவாரம் வர்றீங்களே, நீங்கதான் ஆம்பள.

— கம்பாயம்... வாயில்...

— இந்தா, கரை வந்திருச்சு! ஏ நல்லம்மா, நானாவுக்குத் தேத்தண்ணி ஊத்து. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றேன்.

— குடிங்க நானா. பாருங்க, எம் புருசன் விசிலடிச்சிக்கிட்டு போறாரு! மத்த நாள்ல மூஞ்சி கழுவக்கூட எந்திரிக்க மாட்டாரு. செவ்வாக்கெழம மட்டும் விடியங்காட்டி குளிச்சி, தலை சீவி, "நான் போகாட்டி நானா அக்கரையிலயே நிப்பாரு"ன்னு மாட்டப் பூட்டுவாரு. போன செவ்வா அதுவும் இல்ல. நான் பயந்தே போயிட்டேன்.

— அல்லாஹ் காப்பாத்துவான் தங்கச்சி. வாற கெழமைக்கும் சத்தியம் வாங்கிட்டேன்.

— அன்னிக்கு மத்தியானம் நீங்க எங்க லயத்து வீட்டு வாசல்ல வந்து நின்னு, "கஞ்சி குடிச்சாரா?"ன்னு கேட்டீங்களே. வந்ததச் சொல்லாதேன்னுட்டுப் போனீங்களே.

— சென்னியா அவருக்கிட்ட?

— மூச்சு விடல. ஆனா ஒரு வாரமா எனக்கு ஒரே யோசனை. அன்னிக்கு ஆத்துல வெள்ளம், தோணி ஓடல. முழங்கால் வரைக்கும் சேறு, நடந்துதான் வந்திருக்கீங்க. இந்தப் பாலத்த விட்டா வழி ஏது? யாரு கையப் புடிச்சி வந்தீங்க?

— தேத்தண்ணி நல்லாத்தான் ஈக்கி.

— பேச்ச மாத்தாதீங்க நானா.

— மெல்லக் கதை தங்கச்சி, அவர் திரும்பி வாறாரு. ஆர்ட கையும் புடிக்கல்ல. ஓடியே வந்தேன். எனக்கி அந்தப் பயம் உட்டுப் போயி ரெண்டு வருசத்து நோம்பு ஆச்சி.