நாய்க்குப் படிச்ச கதை

மைலாப்பூர்ல டிராம் ஓடிக்கினு இருந்த காலம். ஒருநாள் சாயங்காலம், மடியில முருங்கைக்கீரைக் கட்டோட டிராம்ல குந்திகினு இருந்தேன். முருங்கையா, அகத்தியா, மறந்துபோச்சு. முன்சீட்டு ஆளு பக்கத்துல இருந்த சிநேகிதர்கிட்ட சொன்னாரு: "சீக்கிரம் போவணும் நைனா. நாய்க்குக் கதை படிக்கணும்."

"இன்னா கதை?"

"சந்திரனுக்குப் பறந்து போறவன் கதை."

சிநேகிதர் சிரிச்சாரு. "நாய் உம் கொட்டுமா?"

"உம் கொட்டுனது எம் பொண்டாட்டி. அவளுக்கு எழுத்து தெரியாது, நாந்தான் தெனமும் படிப்பேன். நாய் அவ காலடியில படுத்துக்கினு கேக்கும். அவ செத்து ஒரு மாசமாச்சு. இப்பவும் அவ உம் கொட்டுற எடத்துல நிறுத்துறேன். நாய் தலையத் தூக்கி வாசலப் பாக்குது."

சிரிச்சவரு மெல்லக் கேட்டாரு: "நிறுத்தாம படிச்சிடேன்?"

"நிறுத்தாம படிச்சா, அவ இல்லேன்னு ஆயிடுமே நைனா."