சின்ன உடம்புக் கிதார்

கிதார் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே அறிவுரை, பெரிதாக வாங்காதீர்கள் என்பதுதான். கடைக்காரர் முதலில் பெரியதைத்தான் எடுத்து மடியில் வைப்பார். ஒரு தட்டு தட்டினால் கல்யாண மண்டபம் மாதிரி முழங்கும். வாங்குகிறவர் வாயைப் பிளந்துவிடுவார். வீட்டுக்கு வந்து ப்ளூஸ் என்கிற பழைய பாணி மேல்நாட்டுச் சோகப் பாட்டு வாசிக்க உட்கார்ந்த பிறகுதான் தெரியும், வாங்கி வந்தது வாத்தியம் இல்லை, பீரோ என்று.

இதை எதற்குச் சொல்கிறான் என்று நீங்கள் பார்ப்பது புரிகிறது, சார். என் தங்கை கார்த்திகாவின் புருஷன் பிரபாகரன் ஏலக்காய் ஸ்டோருக்குள் செத்துக் கிடந்த விவகாரமாகத்தான் வந்திருக்கிறேன். ஆனால் கிதாரை விட்டுவிட்டு அதை மட்டும் சொன்னால் என்னைக் கோபக்காரன் என்று எழுதிவிடுவீர்கள். எனக்குக் கோபமே வராது. போடி பஜாரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஏலக்காய்க் கடை ஜெகதீஷ் ஒரு நாளாவது குரலை உயர்த்தியிருக்கிறானா என்று. நான் வந்தது மலைச்சாமிக்காக. ஸ்டோரில் அடுப்பு எரிக்கும் அந்த மனிதரை நேற்றிலிருந்து நீங்கள் ஸ்டேஷனுக்குள் உட்காரவைத்திருக்கிறீர்கள். தப்புச் செய்யாத ஒருவரைப் பூட்டி வைப்பது எனக்குப் பிடிக்காத காரியம்.

போடியில் ப்ளூஸ் வாசிப்பவன் நான் ஒருவன்தான். கோயமுத்தூரில் படித்தபோது ஹாஸ்டலில் ஒட்டிக்கொண்டது. கூடப் படித்தவர்கள் சிகரெட்டோடு ஊர் திரும்பினார்கள், நான் இதோடு திரும்பினேன். நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, வீட்டில் யாருக்காவது முடியலையா என்று தெருவில் விசாரிப்பார்கள். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் ஒரே நடையில் போய்க்கொண்டிருக்க வேண்டும், மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் புலம்ப வேண்டும், காலால் தரையை மிதித்துத் தாளம் போட வேண்டும். வித்தை அவ்வளவுதான். பெரிய கிதாரில் கட்டைவிரல் போட்ட சத்தம் அடங்குவதற்குள் அடுத்த சத்தம் அதன் தலைமேல் ஏறிக்கொள்ளும். சின்ன உடம்பில் சத்தம் வரும், சொல்ல வந்ததைச் சொல்லும், போய்விடும். நல்ல விருந்தாளியும் அப்படித்தான். என் மாப்பிள்ளை பிரபாகரன் அந்த ரகம் இல்லை.

சின்னக் கிதாரை நெடுநாள் தேடினேன். மதுரையில் கேட்டேன், எர்ணாகுளத்தில் கேட்டேன். எல்லாக் கடையிலும் "பிள்ளைக்கா சார்?" என்றார்கள். கடைசியில் போடிமெட்டுக்கு மேலே, எல்லை தாண்டிய ஒரு சர்ச்சில் கிடைத்தது. பாட்டுக் குழு கீபோர்டுக்கு மாறிவிட்டதால் மெழுகுவர்த்திப் பெட்டிக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒடுங்கிய இடுப்பு, சரிந்த தோள், அகலக் கழுத்து. முன்பலகை தேன் நிறம். "இது இனி பாடில்ல சாரே, ஈர்ப்பம் கேறிப்போயி" என்றார் சர்ச்சைப் பார்த்துக்கொள்கிறவர், ஈரம் ஏறிவிட்டதால் இனி பாடாதாம். மடியில் வைத்து ஒரு கம்பியைத் தொட்டேன். மலை ஈரம் ஏறிய கட்டை, சத்தம் நனைந்த துணி மாதிரிதான் வந்தது. ஆனால் அடியில் எங்கேயோ அந்தக் குரல் இருந்தது. பெண் பார்க்கப் போன இடங்களில்கூட எனக்கு நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை. அதனால்தானோ என்னவோ கல்யாணமும் ஆகவில்லை.

நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் என்று சொன்னார்கள். ஸ்டோர் என்றால் கடை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பறித்த பச்சை ஏலக்காயைச் சூடு காட்டிக் காயவைக்கும் கட்டடம் அது. உள்ளே வரிசை வரிசையாகக் கம்பிவலைத் தட்டுகள். பின்பக்கம் வெளியே அடுப்பு. அடுப்பின் சூடு தகரக் குழாய் வழியாக அறை முழுக்கச் சுற்றும், காற்றாடி மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியேதான். அடுப்பை மூட்டித் தாழ்ப்பாள் போட்டபின் கதவைத் திறக்கக் கூடாது, சூடு இறங்கிவிடும். இறங்கினால் காய் வெளுத்துப்போகும். வெளுத்த காயை ஏலத்தில் ஒருவனும் ஏறிட்டுப் பார்க்க மாட்டான்.

பிரபாகரனின் ஸ்டோர் குரங்கணிக்கு மேலே இருக்கிறது. காய் காயவைப்பதில் அவன் கெட்டிக்காரன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் காயவைக்கத் தோன்றும் அவனுக்கு. மழைக்காலத்தில் போர்வை, பிள்ளைகளின் ஷூ, ஒரு தடவை என் அம்மா போட்ட வடகம், எல்லாம் ஸ்டோருக்குள் போய்வந்தன. நாங்கள் ஒரு வருஷம் ஏலக்காய் வாசனை வடகம் தின்றோம். கிதாரைக் காட்டியதும் விரலால் சுண்டிப் பார்த்தான்.

"கட்டை தண்ணி குடிச்சிருக்கு மச்சான். காயோட காயா உள்ள வச்சு எடுத்துருவோம்."

"வேண்டாம் மாப்ளே, ஒட்டு விட்டுரும்."

"காய் காயுறது தெரிஞ்சவனுக்குக் கட்டை காயுறது தெரியாதா?"

நான் ஏலத்துக்குப் போயிருந்த நாளில் வைத்துவிட்டான். திரும்பி வந்து பார்த்தபோது, கம்பிகளைப் பிடித்திருந்த கட்டை பெயர்ந்து தொங்கியது. முதுகுப் பலகை அப்பளமாக நெளிந்திருந்தது. "கொஞ்சம் வெந்துபோச்சு மச்சான்" என்றான். பெயர்ந்ததையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

எர்ணாகுளத்தில் கிதார் பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். பிரித்து, நிமிர்த்தி, ஒட்டிக் கொடுத்தார். பழைய ஒட்டு எப்படியும் விட்டிருக்கும், இப்போது கட்டை நன்றாக உலர்ந்துவிட்டது என்றார். வாசித்துப் பார்த்தேன். கம்பியைத் தொட்டால் சத்தம் வறண்டு, நறுக்கென்று வந்தது. நான் தேடித் தேடி அலைந்த குரல் அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. நியாயமாகப் பார்த்தால் மாப்பிள்ளைக்கு நன்றி சொல்ல வேண்டும். சொன்னேன். அது நான் செய்த பிசகு.

அன்றிலிருந்து கிதார் அவனுடையதாகிவிட்டது. டீக்கடையில் சொன்னான், ஏல மையத்தில் சொன்னான், ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொன்னான். கார்த்திகா வீட்டு விசேஷத்தில் என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு, நடுவில் நிறுத்தி, எவ்வளவு சூட்டில் எந்தத் தட்டில் வைத்தான் என்று விளக்கினான். உறவுக்காரர்கள் அவனுக்குத்தான் கை தட்டினார்கள். ஒரு பாட்டி அவனுக்குத் திருஷ்டி கழித்தாள். நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகும்போது காதருகே வந்து, "இன்னொரு சூடு காட்டுனா இன்னும் தெறிக்கும் மச்சான்" என்றான். வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

முந்தாநாள் காலை கிதாரோடு ஸ்டோருக்குப் போயிருந்தேன். அங்கே முன்வராந்தாவில் உட்கார்ந்து வாசித்தால் சத்தம் மலையில் பட்டுத் திரும்பும். வராந்தாவில் பையை வைத்துவிட்டு ஓடையில் முகம் கழுவிவிட்டு வந்தேன். பை காலியாக இருந்தது. மலைச்சாமி அடுப்பை மூட்டிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி உள்ள தட்டு அடுக்குறாரு அண்ணே. அவரு வெளிய வந்ததும் ஒரு சத்தம் குடுத்துப் பாத்துட்டுத் தாழ்ப்பாளப் போட்ருங்க. நான் வெரசா வெறகு கொண்டாந்துர்றேன்."

அது எல்லா ஸ்டோரிலும் உள்ள வழக்கம். தாழ்ப்பாள் போடுகிறவன் முதலில் உள்ளே பார்த்துக் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால்தான் போடலாம்.

உள்ளே போனேன். வாசலை ஒட்டிய தட்டில், பச்சைக் காய்களின்மேல், என் கிதாரை மல்லாத்தி வைத்திருந்தான். அவன் கடைசி வரிசைக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ சினிமாப் பாட்டை முனகிக்கொண்டிருந்தான். சூடு ஏறத் தொடங்கியிருந்தது. உள்ளே இருந்த இருவரில் யாருக்கு அவசரம் என்று பார்த்தேன். கிதாரை எடுத்தேன். அவனை எடுக்கவில்லை.

வெளியே வந்து வழக்கப்படி கூப்பிட்டேன். "உள்ள ஆள் இருக்கா" என்றேன். என் குரல் இயல்பிலேயே மெல்லியது, காற்றாடி வேறு ஓடிக்கொண்டிருந்தது. சத்தமாகக் கூப்பிட வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. பதில் வரவில்லை. தாழ்ப்பாளைப் போட்டேன்.

உள்ளே போகும் முன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போவது அவன் பழக்கம். போனும் அதில்தான் இருந்தது. மடித்து என் கிதார்ப் பைக்குள் வைத்தேன். துணி கலைந்து தொங்குவது எனக்குப் பிடிக்காது. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து சுருதி சேர்த்தேன்.

தட்டத் தொடங்கினான். முதலில் படபடவென்று, எந்தத் தாளத்திலும் சேராமல். கொஞ்ச நேரத்தில் ஒரு நிதானத்துக்கு வந்தான். நான் அந்த நடையைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன், காலாலும் கூட மிதித்தேன். விறகோடு திரும்பிய மலைச்சாமி பின்பக்கமிருந்து குரல் கொடுத்தார். "என்ன அண்ணே, இன்னிக்கிக் கால் தாளம் பலமா இருக்கு." புதுச் செருப்பு என்றேன். மொதலாளி எங்கே என்றார். போடிக்கு ஜீப்பில் இறங்கிவிட்டார் என்றேன். நல்ல மனிதர், நம்பிக்கொண்டு விறகைத் தள்ளினார்.

திறக்க நினைக்காமல் இல்லை, சார். ஆனால் திறந்தால் சூடு இறங்கியிருக்கும், அத்தனை காயும் வெளுத்திருக்கும். அதை அவனே பொறுத்துக்கொண்டிருக்க மாட்டான். போகப்போக அவன் தாளம் பின்தங்கியது. தாளம் விடுகிறவனோடு சேர்ந்து வாசிப்பது சிரமம். பாட்டை நான் தனியாக முடித்தேன்.

அன்றிரவு வராந்தாவிலேயே படுத்துக்கொண்டேன். நேற்றுக் காலை மலைச்சாமிதான் கதவைத் திறந்தார். அவர் போட்ட அலறல் ஓடைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டதாம். வந்தவர்கள் எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள், நான் தட்டுகளையும் ஒரு பார்வை பார்த்தேன். நல்ல கரும்பச்சை, ஒரு காய்கூட வெளுக்கவில்லை. கார்த்திகா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கதவத் தட்டியிருப்பாருல்ல அண்ணே, ஒருத்தருக்குமா கேக்கல" என்று கேட்டாள். மோட்டார் சத்தம் ஆத்தா என்றேன். அவள் மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடியதில் கிதாரை வராந்தாவிலேயே விட்டுவிட்டேன். உங்கள் ஆட்கள் மலைச்சாமியின் சாமான் என்று நினைத்து எல்லாவற்றையும் சேர்த்து அள்ளி வந்துவிட்டார்கள். அதில் ஒரு போலீஸ்காரர் கோழியைத் தூக்குவது மாதிரி கழுத்தைப் பிடித்துத் தூக்கினாராம்.

பையைத் திறந்து பாருங்கள். சட்டையும் போனும் மடித்தபடி இருக்கும், நான் சொல்வதற்கு அதுவே சாட்சி. மலைச்சாமி கூப்பிடாமல் தாழ்ப்பாள் போட்டார் என்று எழுதியிருக்கிறீர்களாம். என்னிடம் சொல்லிவிட்டுப் போனதாக அவர் சொன்னதை நம்பவில்லை போலிருக்கிறது. அவர் தாழ்ப்பாளைத் தொடவே இல்லை. போட்டவன் நான். தெரிந்துதான் போட்டேன்.

நேற்று மாலை அவர் சம்சாரம் ஆயம்மாள் வீட்டுக்கு வந்தாள். இங்கே அவரைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தாள். "நீங்கதான் அங்ஙன இருந்தீக அண்ணே. அவரு அப்பேர்ப்பட்ட ஆளு இல்லனு ஒரு வார்த்தை சொல்லுங்க. அடிக்கிறாகளோனு பயமா இருக்கு" என்று அழுதாள். காலையில் பார்க்கலாம் என்று அனுப்பப் பார்த்தேன். அவள் வாசல்படியில் நின்று, பேச்சோடு பேச்சாக, ஸ்டேஷனில் உடைந்த ஜன்னலுக்குக் கீழே அவர் சாமான்களோடு என் கிதாரையும் போட்டிருக்கிறார்கள், சாரல் அதன்மேல்தான் அடிக்கிறது என்று சொன்னாள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் ஏது. முதல் பஸ்சுக்கே கிளம்பிவிட்டேன்.

மலைச்சாமியை நாளைக்கு விட்டால்கூடப் போதும், சார். கிதாரை மட்டும் இப்போதே அந்த ஜன்னலடியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.