முப்பத்தி நாலாவது டியூப்

சித்திக்கா: ...அதத்தான் நானும் கேக்குறேன். செத்துப்போன மனுசன் ரத்தத்துக்கு எப்படி வீரியம் ஏறும் புள்ள?

ஜெர்லின்: அக்கா, மொதல்ல கதவச் சாத்துங்க. குளிரெல்லாம் வெளிய போவுது.

சித்திக்கா: பேச்ச மாத்தாதே.

ஜெர்லின்: மாத்தல... குழாயில சொட்டு விழுது, பாத்துக்கிட்டிருக்கேன். வேண்டாத புரதமெல்லாம் கழுவிக்கிட்டு வருது. விஷத்த அடக்குற ஆன்டிபாடி மட்டும், குழாய்க்குள்ள அடைச்ச சின்ன மணிகளப் புடிச்சிக்கிட்டு உள்ளயே நிக்கும்...

சித்திக்கா: எனக்கே பாடமா? பதினெட்டு வருசமா இந்தக் குளிரறையில வெறச்சுக்கிட்டுக் கெடக்கேன் நான்.

ஜெர்லின்: அதான் மூக்கு எப்பவும் செவந்தே இருக்கு.

சித்திக்கா: கொழுப்புதான் ஒனக்கு. கழுவுன தண்ணியக் கொட்டிடாதே.

ஜெர்லின்: கொட்டுவனா? புரதம் கையில சிக்குற வரைக்கும் ஒரு சொட்டக்கூடக் கொட்டக்கூடாது. உங்க சட்டந்தானே.

சித்திக்கா: சரி, இதுக்குப் பதில் சொல்லு. பங்குனி வரைக்கும் ரிசல்ட்டு ஒரே மாதிரி இருந்துச்சு. சித்திரையிலேர்ந்து ஏறுது. நேத்து நானே கடல்பாம்பு விஷத்தக் கலந்து பாத்தேன். முன்னவிட ரெண்டு மடங்கு விஷத்த அடக்குது.

ஜெர்லின்: நல்லதுதானே? கையெழுத்தப் போட்டு ரிப்போர்ட்ட அனுப்புங்க.

சித்திக்கா: லேபுக்குப் பொறுப்பு நானு. நான் கையெழுத்துப் போட்டா, அத நம்பி நாளைக்கி யாரு ஒடம்புலயாவது இத ஏத்துவாங்க. மார்ட்டின் தம்பி போயி ஏழு மாசமாச்சு. ஃப்ரீசர்ல கெடக்குற ரத்தம் கெட்டுப்போவும், சரி... வளருமா?

ஜெர்லின்: எம் புருசன் புடிவாதக்காரரு அக்கா. மூணு தடவ வலையில கை விட்டு, மூணு தடவயும் கடி வாங்கி எழுந்து வந்தவரு. அவரு ஊரு கிளிஞ்சல்மேட்டுல கேட்டுப்பாருங்க... 'இவனக் கடிச்சா பாம்புக்குத்தான் ஆஸ்பத்திரி'ன்னு சிரிப்பாங்க.

சித்திக்கா: பாம்புக்குத் தப்பிச்ச புள்ளய கடலு கொண்டுக்கிட்டுப் போயிடுச்சே...

ஜெர்லின்: ஒடம்பாவது கெடச்சுதா? கல்லறையில வெறும் பேரு மட்டுந்தான் இருக்கு. அவருன்னு எனக்கு மிச்சம் இந்த ரத்தந்தான்.

சித்திக்கா: தெரியும்டி... கண்ணத் தொடச்சுக்க. ஏன், வலது கை மடங்கலியா?

ஜெர்லின்: குளிருக்கு...

சித்திக்கா: இங்க பாரு. மூணு தடவையா தம்பி குடுத்த ரத்தத்துல சீரம் பிரிச்சு வச்சது நாந்தான். மொத்தம் முப்பது டியூப். இன்னிக்கி நீ குழாயில ஊத்துனது முப்பத்தி நாலாவது.

ஜெர்லின்: தள்ளுங்க அக்கா, கழுவுற தண்ணி தீரப்போவுது.

சித்திக்கா: கேட்டதுக்குப் பதில் சொல்லு.

ஜெர்லின்: ஒரு நிமிசம்... கழுவி முடிஞ்சுது. இப்ப ஆசிட் விடணும். விட்டாத்தான் ஆன்டிபாடி மணிய விட்டுட்டு எறங்கி வரும்.

சித்திக்கா: விடு. நானும் பாக்குறேன்.

ஜெர்லின்: திரையப் பாருங்க... கோடு ஏறுது. அதே எடம், அதே ஏத்தம். ஒவ்வொரு தடவையும் அவரு படியேறி வர்றாப்புலயே இருக்கும் அக்கா. தலை தெரியிற வரைக்கும் மூச்சே வுடமாட்டேன்.

சித்திக்கா: யா அல்லாஹ்... யாரு ரத்தம் இது?

ஜெர்லின்: முப்பது டியூப்பும் பங்குனியிலேயே தீந்துபோச்சு.

சித்திக்கா: அது தெரியுது. இது யாருது?

ஜெர்லின்: என்னோடது.

சித்திக்கா: என்னாது?

ஜெர்லின்: தீந்துபோயிடுவாருன்னு பயம் அக்கா... ஒடம்பும் சிக்கல, இதுவும் போச்சுன்னா? அவருக்கு முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச மறுநாளே ஆரம்பிச்சேன். மேத்தட்டுல செவப்பு மூடி போட்ட குப்பி இருக்குல்ல, விஷக்குப்பி... அதுலேர்ந்து எடுத்து, வாராவாரம் தொடையில குத்திக்கிட்டேன். மொதல்ல துளியூண்டு. அப்புறம் கூட்டிக்கிட்டே வந்தேன். அவரு ஒடம்பு கத்துக்கிட்டத எம் ஒடம்பும் கத்துக்கட்டும்னு.

சித்திக்கா: அடிப் பாவி... எத்தன தடவ?

ஜெர்லின்: இருவத்தஞ்சு இருக்கும். குத்துன மறுநாளு தாடை இறுகிப்போவும். கை மடங்காது. ஒண்ணுக்குக் கறுப்பாப் போவும். அவருக்கு வந்தாப்புலயே. சரி, விஷம் வேலை செய்யுதுன்னு நெனச்சுக்குவேன்.

சித்திக்கா: அந்தக் குப்பிதானா? நல்லா யோசிச்சுச் சொல்லு.

ஜெர்லின்: வேற ஏது விஷம் இங்க? திட்டுங்க அக்கா... ஏன் இப்படி வெளிறிப்போயி நிக்கிறீங்க? நான் சாகலியே.

சித்திக்கா: ஒன்ன எப்பவாவது கடல்பாம்பு கடிச்சிருக்கா? சின்ன வயசுல?

ஜெர்லின்: விழிதியூர் வயக்காட்டுல வளந்தவளக் கடல்பாம்பு எங்கேர்ந்து கடிக்கும்? ஏன் கேக்குறீங்க?

சித்திக்கா: பூசை அன்னிக்கிச் சாயங்காலம் நீ அந்தக் குப்பியவே வெறிச்சுப் பாத்துக்கிட்டு நின்னே. ஏதாவது பண்ணிக்குவியோன்னு பயந்து, நீ போனதும் விஷத்த வேற குப்பிக்கு மாத்தி எம் அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன். ஒங்கிட்ட சொல்லல. இத்தன மாசமா நீ குத்திக்கிட்டது... நான் அதுல ரொப்பி வச்ச வெறும் உப்புத்தண்ணி புள்ள.