ரெண்டாவதாகப் போட்ட எம்பிபிஎஸ்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ் கிளம்பாமல் நின்றிருந்தது. எனக்கு முன் சீட்டில் ஒரு அப்பாவும் மகளும். அவர் சாலை பஜாரில் அரிசி மொத்த வியாபாரம் செய்கிறவர் என்று பேச்சிலிருந்தே தெரிந்தது.

"நமக்கு வேண்டியது எம்பிபிஎஸ். அதனாலதான் அட்மிஷன் ஃபாரத்துல அதை ரெண்டாவதாப் போடுன்னேன். கம்ப்யூட்டருக்கு அது மனசிலாகலையே, மோளே."

"கம்ப்யூட்டர் முதல்ல போட்டதைத்தான் முதல்ல பார்க்கும் அப்பா. ஆயுர்வேதம் மேல இருந்துது, கிடைச்சாச்சு. கீழ இருந்தது தானா போயிரும்."

"எம்பிபிஎஸ்ஸுக்கும் உனக்கு மார்க்கு உண்டுல்லா?"

"உண்டு."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மில்லுக்காரன்கிட்ட வேண்டிய அரிசியை முதல்ல கேட்டா விலையை ஏத்திருவான். வேற ஒண்ணைக் கேட்டுட்டு, போற போக்குல இதைக் கேக்கணும். இத்தனை வருஷமா அப்படித்தான் வாங்குறேன். இதுவும் அப்படின்னுல்லா நினைச்சேன்."

"காலேஜும் மில்லும் ஒண்ணாப்பா?"

"அதை நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. ராவும் பகலும் எம்பிபிஎஸ், எம்பிபிஎஸ்னு உயிரை எடுத்தவ, நான் மாத்திப் போடச் சொன்னதும் ஒரு வார்த்தை பேசாமப் போட்டுட்டியே. எனக்கு ஒண்ணுமே பிடிகிட்டலை."

பஸ் நகர்ந்தது. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் எம்பிபிஎஸ் வேணும்னு சொன்னாத்தானே, நீங்க ஆயுர்வேதத்தை முதல்ல போடச் சொல்லுவீங்க."