பன்னிரண்டாவது பெயர்

“பரீட்சை முடிஞ்சதும் நேரா சென்னைதான் மேடம். பேங்க் டீம்ல எடுத்துட்டாங்க. டிகிரி பாஸ் பண்ணா போதுமாம்.”

“அப்போ இங்க நெட்டு யாரும்மா கட்டுறது?”

“நீங்கதான். இவ்ளோ உசரமா இருந்துக்கினு மூணு வருஷமா என்னை ஸ்டூல் மேல ஏத்தினீங்கல்ல.”

ஜெயப்ரியா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

விசாரணைக் குழுவில் நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். என் பெயர் சாந்திமதி. இந்த மகளிர் கல்லூரியில் பத்தொன்பது வருஷமாக உடற்கல்வி இயக்குநர். வாலிபால் அணிக்குக் கல்லூரி தருவது வருஷத்துக்கு நான்கு பந்து, ஒரு செட் பனியன். துணைப் பயிற்சியாளர் இடம் எட்டு வருஷமாகக் காலி. அந்த வேலையையும் ஜெயப்ரியாதான் பார்த்தாள்.

நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. பயிற்சி முடிந்து திருப்பருத்திக்குன்றத்தில் என் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். எத்தனையோ நாள் வெறும் வயிற்றோடு படுத்திருக்கிறேன். அவள் வந்த பிறகு, ஐந்தரைக்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டு, “மேடம், சூரியன் இறங்குது, டப்பாவைத் திறங்க” என்பாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வீட்டில் என்னோடு பேச யாரும் இல்லை.

நான் செய்தது பெரிய காரியம் இல்லை. போட்டிக்குப் போகும் நாட்களுக்கு நான் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால், அலுவலகத்தில் அந்தப் பெண்களுக்கு வருகை போடுவார்கள். பெயர் இல்லாவிட்டால் எழுபத்தைந்து சதவீதம் தேறாது. ஹால் டிக்கெட் கிடைக்காது. அடுத்த வருஷம் மறுபடி படிக்க வேண்டும். பன்னிரண்டு பேரைக் கூட்டிப்போனேன். பதினொரு பெயர் எழுதினேன். பொய்யாக எதையும் எழுதவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு வருஷம் முன்பு அணியில் இருந்த கௌசல்யா பெயரையும் இப்படித்தான் விட்டேன். இன்னொரு வருஷம் இருப்பாள் என்று நினைத்தேன். வீட்டில் படிப்பை நிறுத்தி வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு நல்ல பட்டுப்புடவையாக எடுத்துப்போனேன். மேடையில் என் காலில் விழுந்தாள்.

ஜெயப்ரியாவின் அப்பா தாமலில் பயிர் செய்பவர். எத்தனை வருஷமானாலும் பெண்ணைப் படிக்கவைப்பார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே இந்த முறை செய்தேன்.

ஹால் டிக்கெட் கொடுத்த அன்று மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

“ஆபீஸ்ல என்னவோ தப்பு பண்ணிட்டாங்க மேடம். நீங்க ஒரு லெட்டர் குடுத்தா சரி பண்ணிடுவாங்களாம். நாலு மணி வரைக்கும் டைம் இருக்குது.”

மணி மூன்றே கால். மேசையில் தாளும் பேனாவும் இருந்தன. அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அழுதுகொண்டே என் தோளில் சாய்ந்தாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். மூன்று வருஷமாக வாய்வரை வந்து நின்றதை அப்போதுதான் கேட்டேன்.

“வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் இருக்குது. என்கூடவே வந்து இருந்துடேன்மா.”